ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களே, அந்த 600 யூரோக் கணக்கை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

2024 கோடையில் மதுரையில் ஒரு கன்சல்டன்சி அலுவலகத்தில் என் அப்பாவின் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். வாடகை 350, சாப்பாடு 150, காப்பீடு 30, கைச்செலவு 70. ஆக மாதம் 600 யூரோ. "பிளாக்டு அக்கவுன்டிலிருந்து மாதம் 992 யூரோ வரும் சார். செலவு போக உங்கள் மகன் வீட்டுக்கே பணம் அனுப்புவான்" என்றார் அங்கிருந்தவர். பிளாக்டு அக்கவுன்ட் என்பது விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை நாமே முன்கூட்டிப் போட்டு வைக்கும் கணக்கு; அதிலிருந்து மாதாமாதம் ஒரு பங்குதான் எடுக்கலாம். அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் நகை அடகுக்குப் போனது அதை நம்பித்தான்.

எனக்கு இடம் கிடைத்தது ஸ்டுட்கார்ட்டில். ஜெர்மனியில் கல்விக் கட்டணமே கிடையாது என்று அதே அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. சேர்க்கைக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கேட்டபோது, "அது கட்டணம் இல்லை, பதிவுத் தொகை" என்றார்கள். பெயர் எதுவானாலும் பணம் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

விடுதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகும் என்பது உண்மை. அந்த அவசரத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அறை பார்த்துக் கொடுக்க 40,000 ரூபாய் வாங்கினார்கள். ஜன்னலோரம் பச்சை நாற்காலி போட்ட ஓர் அறையின் படத்தை அனுப்பினார்கள். அங்கே இருக்கும் "நம்ம ஆள்" ஒருவருக்கு மூன்று மாத வாடகை முன்பணமாக 1,050 யூரோவும் முதல் மாத வாடகை 350 யூரோவும் அனுப்பச் சொன்னார்கள். விமானம் ஏறும் முன்பே 1,400 யூரோ போய்விட்டது. இந்திய மதிப்பில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல்.

போய் இறங்கியபோது அந்த நாற்காலி மட்டுமல்ல, அந்த ஜன்னலே இல்லை. ஒரு வீட்டின் கூடத்தை அட்டைப் பலகையால் இரண்டாக மறித்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாணவன் இருமினால் என் கட்டில் அதிரும். 350 என்பதும் பொய். ஜெர்மனியில் வாடகைக்கு இரண்டு கணக்கு உண்டு. கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்பது வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. தாளில் இருந்தது முதலாவது. என்னிடம் மாதாமாதம் கேட்டது 460.

இதையாவது பொறுத்திருப்பேன். உண்மையான அடி முகவரிப் பதிவில் விழுந்தது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் கட்டாயம். "நம்ம ஆள்" தரவில்லை; தந்தால் மாட்டிக்கொள்வார். அவரே வாடகைக்கு இருப்பவர். வீட்டின் சொந்தக்காரருக்குத் தெரியாமல் எங்களை உள்வாடகைக்கு வைத்திருந்தார். நெருக்கிக் கேட்டதும், "200 யூரோ கொடு, வேறொரு முகவரியில் பதிந்து தருகிறேன்" என்றார். குடியிருக்காத வீட்டின் முகவரியில் பதிவது சட்ட விரோதம். அப்படி முகவரி தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்க முடியும். பொய்யாகப் பதிந்தவரும் தண்டத்துக்கு உள்ளாவார். தயவுசெய்து இதற்கு மட்டும் யாரும் சம்மதிக்காதீர்கள்.

பதிவு இல்லாததால் ஒவ்வொரு கதவாக மூடியது. நான் போன வங்கி பதிவுச் சான்று இல்லாமல் கணக்குத் திறக்க மறுத்தது. அங்கே நடப்புக் கணக்கு இல்லாமல் என் பிளாக்டு அக்கவுன்டிலிருந்து ஒரு யூரோவும் வெளியே வரவில்லை. வரி எண்ணும் பதிவுக்குப் பிறகுதான் தபாலில் வரும்; பகுதிநேர வேலைக்குப் போன இடத்தில் முதலில் கேட்டதே அதைத்தான். என் பெயரில் 11,904 யூரோ இருந்தது. கையில் இருந்த 500 யூரோவை வைத்துக்கொண்டு ஐந்து வாரம் ஓட்டினேன். ரொட்டியும் முட்டையும்தான். ஒரு நாள் அப்பா போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டபோது, "சோறு, சாம்பார்" என்று பொய் சொன்னேன். அது இன்னும் உறுத்துகிறது.

அந்த 30 யூரோ மருத்துவக் காப்பீட்டையும் பல்கலைக்கழகப் பதிவுக்கு ஏற்கவில்லை. 30 வயதுக்குட்பட்ட மாணவருக்கு அரசு முறைக் காப்பீடு அப்போது மாதம் 120 யூரோவுக்கு மேல். சிலரிடம் குறைந்த விலைத் தனியார் காப்பீட்டுக்காக அரசு முறையிலிருந்து விலக்குப் பெறச் சொல்கிறார்கள். அந்த விலக்கை வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை அரசு முறைக்குத் திரும்ப முடியாது. இதோடு ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணமும் உண்டு. டிவி இல்லை என்றாலும் கட்டத்தான் வேண்டும். ஒரே வீட்டில் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆறாவது வாரம் வீட்டுக்காரர் வந்து எல்லோரையும் காலி செய்யச் சொன்னார். வகுப்பில் இருந்த திருச்சி அண்ணன் ஒருவர் தன் அறையில் இடம் கொடுத்து, முறைப்படி தன் வீட்டுக்காரரிடம் அனுமதியும் படிவமும் வாங்கித் தந்தார். அவர் இல்லையென்றால் நான் ஊர் திரும்பியிருப்பேன்.

முன்பணத்தில் ஒரு யூரோகூடத் திரும்பி வரவில்லை. அங்குள்ள சட்டப்படி முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேவுக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைக்காரருக்கு உரிமை உண்டு. இது தெரிந்திருந்தால் புறப்படும் முன் முன்பணத்தில் 350 மட்டும் கொடுத்துவிட்டு மீதியைக் கையில் வைத்திருப்பேன். மாணவர் சேவை அமைப்பின் சட்ட ஆலோசனைக்குப் போய், பணம் கேட்டு அந்த "நம்ம ஆளுக்கு"ப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். மதுரை அலுவலகத்தில் "அறை எங்கள் பொறுப்பு இல்லை" என்கிறார்கள். 40,000 ரூபாய்க்கு ரசீது தரவில்லை. நாங்களும் கேட்டு வாங்கவில்லை.

யாராவது அறை தருகிறேன் என்றால், பணம் அனுப்பும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: வார்ம்மீட்டே எவ்வளவு, பதிவுப் படிவத்தில் கையெழுத்திடுபவர் யார், அவரே வாடகைக்கு இருப்பவர் என்றால் சொந்தக்காரரின் அனுமதிக் கடிதம் எங்கே. பிளாக்டு அக்கவுன்டைத் தவிர, முதல் இரண்டு மாதத்துக்கான பணத்தையும் முன்பணத்தையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஊரிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். இந்தக் குளிர்காலப் பருவத்துக்கு வருகிறான். மலிவான அறை கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு படம் அனுப்பினான். அதே ஜன்னல், அதே பச்சை நாற்காலி. அவன் இன்னும் பணம் அனுப்பவில்லை. உங்களுக்கும் அந்தப் படம் வந்தால் அனுப்பாதீர்கள்.