பழைய மலிவு மண்டலின்: மூன்று மாரி கடந்த பிறகு

பழைய சாமான் கடையிலோ யாரோ ஒருவர் வீட்டு அலுமாரிக்கு மேலேயோ தூசி படிந்து கிடக்கும் தட்டை முதுகு மண்டலின் பற்றியது இது. ஒட்டுப்பலகை உடல், பெயர் அழிந்த தலை, எட்டில் மூன்று தந்தி மட்டும் மிச்சம். அப்படியொன்றைச் சீர்செய்து, மட்டக்களப்பின் உப்புக்காற்றில் மூன்று மாரியும் மூன்று கச்சான் காற்றுக் காலமும் வாசித்துப் பார்த்தாயிற்று. கழுத்து நேராக இருந்தால் மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. கழுத்து தூக்கியிருந்தால் எட்டுத் தந்தியை அது இனித் தாங்காது.

விற்பவர் முதலில் காட்டுவது முகப்பலகையின் மினுக்கத்தைத்தான். நீங்கள் ஒரு நீளமான இரும்பு அடிமட்டத்தை ஃபிரெட்டுகளின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) மேல் நீளவாக்கில் வையுங்கள். அதன் நுனி, முகப்பலகையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையின் மேல் விளிம்பை ஒட்டி வந்தால் நல்லது. குதிரையின் பாதி உயரத்தில் போய் முட்டினால் கழுத்து முன்னுக்கு இழுபட்டிருக்கிறது. 12ஆவது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் இருக்கலாம். குதிரையை முழுக்க இறக்கியும் 4 மில்லிமீற்றருக்குக் குறையாவிட்டால் விட்டுவிடுவதே மேல். அடுத்து, ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்தி, 7ஆவது ஃபிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். முகவரி அட்டை ஒன்றின் தடிப்பு பரவாயில்லை. ஒரு மில்லிமீற்றர் என்றால் கழுத்து வளைந்துவிட்டது. மலிவான பழைய கருவிகளின் கழுத்துக்குள் பெரும்பாலும் இறுக்கி நிமிர்த்தும் இரும்புக் கம்பி இருப்பதில்லை. கடைசியாக, கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் பத்திரிகைத் தாளின் ஓரத்தைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் மூட்டு திறந்திருக்கிறது.

ஒலித் துளையில் கைத்தொலைபேசியின் கமெராவை வைத்து உட்பக்கத்தைப் படம் எடுத்தால், கழன்ற தாங்குசட்டங்களும் மாவுபோல மரத்தூள் கொட்டும் பூச்சித் துளைகளும் தெரியும். முகப்பலகையை விரல் கணுவால் தட்டும்போது கரகரத்தால் ஏதோ ஒரு சட்டம் கழன்றிருக்கிறது. அதை மஞ்சள் நிற மரப்பசையால் ஒட்டி ஒரு நாள் அழுத்தி வைத்தால் போதும். சூப்பர் குளூ வேண்டாம்: முதல் மாரியில் பலகை ஊதியதும் நொறுங்கிவிட்டது, அதன் மிச்சத்தைச் சுரண்டாமல் வேறு பசையும் பிடிக்கவில்லை.

முறுக்குச் சாவிகள் நாலு நாலாக ஒரே தகட்டில் இருக்கும். கறள் பிடித்திருந்தாலும் உடனே மாற்றத் தேவையில்லை. கழற்றி ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்து, பற்சக்கரத்துக்கு ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டால் பெரும்பாலானவை சுழலும். பல் தேய்ந்து வழுக்கினால்தான் புதுசு. வாங்குமுன் தண்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இன்று பரவலாகக் கிடைப்பது ஏறத்தாழ 23 மில்லிமீற்றர், பழையவை மாறுபடும்.

அதிக நேரம் எடுப்பது குதிரை. அது பலகையில் ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பாதம் பலகையோடு பொருந்தாவிட்டால் ஒலி பாதியாகிவிடும். குதிரை நிற்கும் இடத்தில் 120 இலக்க அரத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்க விரித்து, குதிரையை அதன்மேல் முன்னும் பின்னும் இழுத்துப் பாதத்தைத் தேய்க்க வேண்டும், முடிவில் 240. குதிரையே இல்லாவிட்டால் ஓடாவியிடம் (தச்சரிடம்) கழிவு முதிரை மரத் துண்டு கேட்டுச் செதுக்கலாம், தேக்கு அதைவிட மென்மை. பிறகு இடம்: நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) 12ஆவது ஃபிரெட் வரை உள்ள அதே தூரம் அங்கிருந்து குதிரைக்கும், தடித்த தந்திப் பக்கம் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர். தந்திகளைக் கழற்றும் முன் குதிரையின் நிலையைப் பென்சிலால் குறிக்க மறந்தால் இவ்வளவும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

மண்டலின் தந்தி இங்குள்ள கடைகளில் எப்போதும் கிடைக்காது. 0.010 அங்குலத் தடிப்பில் தொடங்கும் மின்கிற்றார் தந்தி இரண்டு பைக்கற்று வாங்கினால் எட்டும் அமையும். முதலாவது இரண்டும் ஈ சுருதிக்கு, இரண்டாவது இரண்டும் ஏ, நாலாவது டி, ஐந்தாவது ஜி. மூன்றாவதும் ஆறாவதும் மிஞ்சும். நுனியிலுள்ள பித்தளைக் குண்டைக் குறட்டால் நசுக்கி எடுத்தால் கண்ணி மட்டும் இருக்கும், தந்தித் தாங்கியின் கொக்கியில் அது மாட்டிக்கொள்ளும். மொத்த இழுவிசை 65 முதல் 70 கிலோ. 0.011 இல் தொடங்கும் நடுத்தர மண்டலின் தந்தித் தொகுதி 80 கிலோவை நெருங்கும். பழைய ஒட்டுப்பலகையில் அதைக் கட்ட வேண்டாம்.

இனிப் பருவம். மாரியில் பலகை ஊதி, தந்தி அரை மில்லிமீற்றர் வரை உயர்ந்தது. கச்சானில் இறங்கி இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டுகளில் கீச்சிட்டது. குதிரையின் சிறு திருகுச் சக்கரங்களை வருடத்துக்கு இருமுறை சிறிது திருப்பினால் சரி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் நாலைந்து பொட்டலம் போட்டும், வாசித்ததும் துடைத்தும், கல்லடிப் பக்கக் கடற்காற்றில் மெல்லிய தந்திகள் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்துவிடுகின்றன. விரல் பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் இருக்கிறது. அது காயாமல் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் வைக்க வேண்டாம், பழைய விலங்குப் பசை சூட்டில் இளகி மூட்டு நழுவும்.

ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே ஜி தந்தியின் சுருதி இன்னும் சற்று ஏறித்தான் நிற்கிறது. தேவாலயப் பாட்டுக்கும் பைலாவுக்கும் அவ்வளவு மேலே போக வேண்டியதில்லை.

கழுத்து சந்தேகமான ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இரண்டு வழி. எல்லாத் தந்தியையும் ஒரு முழுச்சுரம் இறக்கிக் கட்டினால் இழுவிசை ஐந்திலொன்று குறையும். அல்லது சோடியில் ஒன்றைக் கழற்றி நாலு தந்தியோடு வாசிக்கலாம், பாரம் பாதி. கர்நாடக இசைக் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸ் கமகத்துக்காக (சுரத்தை அசைத்து இழைப்பதற்காக) மின்மண்டலினில் ஒற்றைத் தந்திகள் ஐந்து வைத்தே வாசித்தார். ஒலி மெலியும், ஆனால் விரலால் தந்தியை இழுத்து வளைக்க இடம் கிடைக்கும்.