ராணிப்பேட்டையில் கத்திக்கு ஹீட் ட்ரீட்மென்ட் (எஃகைக் காய்ச்சிப் பதமேற்றும் வேலை) கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சான்றிதழ் கையில் இருக்கிறது. கத்தியில் மூன்று இடங்களில் சோதித்ததாகவும், மூன்றிலும் கடினத்தன்மை 58 ராக்வெல் சி, அதாவது சமையல் கத்திக்குப் போதுமான அளவு என்றும் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கத்தியில் என் தங்கை முருங்கைக்காய் நறுக்கினாள்; விளிம்பு மடங்கிவிட்டது.

காட்பாடியில் வீட்டு மாடியில் பொழுதுபோக்காகச் சமையல் கத்தி செய்கிறேன். பட்டையை அறுத்து, தேய்த்து, வடிவம் கொண்டுவருவது வரை வீட்டிலேயே முடிந்துவிடும். ஆனால் நான் பயன்படுத்தும் இஎன் 31 என்ற கார்பன் மிகுந்த எஃகை 820 முதல் 850 டிகிரிக்குள் நிறுத்தி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரியை ஒட்டி இரண்டு மணி நேரம் வைத்து முறுக்கைத் தணிக்க வேண்டும். அதற்கு மின்சூளை வேண்டும். அதனால்தான் ராணிப்பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தில் கொடுத்தேன். வண்டி உதிரிபாகங்களுக்கு வேலை செய்யும் இடம். கத்தி ஒன்றுக்கு 450 ரூபாய், முழுத் தொகையும் முன்பணம்.

திரும்பி வந்தவற்றில் ஒன்று கோணியிருந்தது. அது நடப்பதுதான், அதற்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன். சூளையில் காற்றுப் பட்டால் மேல்தோலில் கார்பன் குறைந்து மென்மையாகிவிடும் என்பதால், ஓர் ஓரத்தில் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு அரத்தை வைத்தேன். பதமேறிய எஃகில் அரம் கண்ணாடிமேல் இழுத்ததுபோல் வழுக்க வேண்டும். இங்கே கடித்தது. பளபளவென்று இரும்புத்தூள் கொட்டியது.

கேட்டதற்கு, "நீங்கள் வாங்கி வந்த இரும்பே சரியில்லை தம்பி" என்றார் உரிமையாளர்.

அதே பட்டையில் மிஞ்சிய துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. லத்தேரி பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் கொண்டுபோனேன். உலையில் வைத்து, காந்தம் ஒட்டாமல் போகும்வரை காய்ச்சினார். அது 770 டிகிரி. அதற்குமேல் இன்னும் கொஞ்சம் நிறம் ஏறவிட்டு, எண்ணெயில் துவைச்சல் கொடுத்தார். அரம் வழுக்கியது. வைஸில் பிடித்துத் தட்டியதும் சட்டென்று முறிந்தது; பதமேறி இன்னும் தணிக்காத எஃகு அப்படித்தான் முறியும். முறிவில் மணல்மணலாக எதுவும் இல்லை, சாம்பல் நிறத்தில் மழுமழுவென்று இருந்தது. "இரும்பைக் குறை சொல்லாதீர்கள்" என்றார் ஆசாரி.

வீட்டுக்கு வந்து சான்றிதழை மறுபடி பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ராக்வெல் சி சோதனை என்றால் வைர முனையை 150 கிலோ சுமையில் எஃகின்மேல் அழுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியும் சிறு குழி விழாமல் அந்தச் சோதனை நடக்கவே முடியாது. நான் அரம் போடாத கத்திகளையும் பூதக்கண்ணாடி வைத்துத் துழாவிவிட்டேன். ஒரு குழி இல்லை. எவரும் எதையும் சோதிக்கவில்லை, எண்ணை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். வேறொருவரின் அச்சுத்தண்டுகளோடு சேர்த்து, அவற்றுக்குரிய 500, 600 டிகிரியில் என் கத்திகளையும் தணித்துவிட்டார்கள் என்பது என் ஊகம். அந்தச் சூட்டில் இஎன் 31 கத்திக்கு உதவாத அளவுக்கு இளகிவிடும். மீண்டும் பதம் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். இன்னொரு முறை பணம் கேட்கிறார்!

அங்கே என்றில்லை, எங்கே கொடுத்தாலும் சோதனைக் குழியைக் கத்தியின் வால் பகுதியில் போடச் சொல்லுங்கள், பிடி மாட்டியதும் மறைந்துவிடும். எஃகின் பெயரும், தோய்க்கும் சூடும், தணிக்கும் சூடும் பில்லில் எழுதப்பட வேண்டும். எழுத மறுத்தால் கொடுக்காதீர்கள்.

நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ராணிப்பேட்டை 2019இல் எங்கள் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது என்றாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. முதலில் பேசிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு உதவி எண் 1915. அந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் கத்தி கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், வாங்கப் போகும்போது ஓர் அரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். கத்தியைப் பையில் போடுவதற்கு முன்பே அங்கேயே இழுத்துப் பாருங்கள்.