படகுச் சவாரிக்கு நாலு நட்சத்திரம், கரைக்கு ஒன்று

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் பாசனத்துக்காகக் கட்டிய சின்ன மண் அணை இது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுற்றுவட்டார ஊர்ச் சனமெல்லாம் அங்கேதான். பெடல் படகு, துடுப்புப் படகு, ஒரு மோட்டார் படகு, பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும், வாசலில் வறுத்த மீன். கட்லாவும் ஜிலேபியும் அணையிலேயே பிடித்தது, கண் முன்னாலேயே செதில் எடுத்து மசாலா தடவிப் போடுகிறார்கள், ருசி அருமை. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, பெண்களோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

படகுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஒருத்தரையும் ஏற்றுவதில்லை. நாங்கள் போன படகில் ஒரு தம்பி போட்டோவுக்காக அதைக் கழற்றப் பார்த்தார், ஓட்டுகிறவர் ஒரு வார்த்தை பேசாமல் படகைக் கரைப் பக்கம் திருப்பிவிட்டார், திரும்ப மாட்டிய பிறகுதான் நகர்ந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். அதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்புக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். சவாரிக்கு நாலு நட்சத்திரம் மனதாரத் தருகிறேன்.

அணையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் முதலில் திட்டு வாங்கப் போவது அந்தப் படகுக்காரர்கள்தான், தப்பு அவர்களுடையது இல்லை. தவிர இதே நிலையில் பல அணைகள் உண்டு, நீங்கள் போகிற இடத்திலும் பார்க்கலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கூட வந்தவர் என் பெரியப்பா. பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மதகைத் திறப்பதும் மூடுவதும் கரையைச் சுற்றி வருவதும்தான் அவர் பார்த்த வேலை. நாங்கள் டிக்கெட் வரிசையில் நிற்க, அவர் பாட்டுக்குக் கரையின் பின்பக்கம் இறங்கிப் போய்விட்டார். தேடிப் போனால் கரையடியில் ஒரு இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கோடை, சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கிறது, அந்த ஒரு திட்டில் மட்டும் கோரை பச்சைப்பசேல் என்று இடுப்பு உயரம் நிற்கிறது. காலை வைத்தால் சொதசொத என்று உள்ளே போகிறது. "மண் கரைன்னா கசியத்தான் செய்யும், அது தப்பில்ல. தெளிவா வருதா, கலங்கி வருதான்னுதான் பார்க்கணும். கலங்கி வந்தா உள்ள இருக்கிற மண்ணைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்" என்றார். அன்றைக்குத் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் தினமும் அதைப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? கசிவை அளக்க என்று கட்டிய சிமென்ட் தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது, வெட்டுப் பலகை வைத்து, எத்தனை அங்குலம் வழிகிறது என்று படிக்கிற மாதிரி. அதில் பாதிக்கு மேல் வண்டல், மேலே பிளாஸ்டிக் டம்ளர். அளவுகோலில் ஒரு எண்கூடத் தெரியவில்லை.

கரைச் சரிவு முழுக்கச் சீமைக் கருவேலம். பார்க்க நிழலாக இருக்கிறது, அடியில் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். கரையில் மரம் இருக்கவே கூடாது. வேர் உள்ளே போகும், மரத்தை வெட்டினால் அந்த வேர் மக்கி அந்த வழியே தண்ணீருக்குப் பாதை கிடைக்கும், புயலில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். அப்புறம் புதருக்குள் எலி வளை இருக்கிறதா, பெருச்சாளி பறித்திருக்கிறதா என்று யாராலும் பார்க்கவும் முடியாது.

இதையெல்லாம் விட என்னைக் கலங்கடித்தது, அணை நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து போகிற கலிங்குதான். கலிங்கின் தலைப்பில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மணல் மூட்டை, இரண்டு அடுக்கு. கேட்டால், "தண்ணி நின்னாத்தான் சார் படகு ஓடும், வழிஞ்சு போயிட்டா கோடையில தரை தட்டிரும்" என்கிறார்கள். மூட்டைக்கு முன்னால் மீன் தப்பாமல் இருக்க வலை. வலையில் ஆகாயத்தாமரையும் காய்ந்த கிளைகளும் சுவர் மாதிரி அடைத்து நிற்கின்றன. படகுக்கும் மீனுக்கும் ஏலம் எடுத்தவர்கள் பிழைக்க வேண்டும், புரிகிறது. ஆனால் கலிங்கின் மட்டத்துக்கும் கரையின் மட்டத்துக்கும் நடுவில் விட்டிருக்கிற உயரம் சும்மா விட்டது இல்லையே, பெருமழையில் வெள்ளம் ஏறி நிற்பதற்கு வைத்த இடம் அது. அதில் ஒன்றரை அடியை மூட்டை தின்றுவிட்டது. மீதியை வலை பார்த்துக்கொள்ளும். கல் அணை என்றால் மேலே வழிந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும், மண் கரைக்கு அந்தத் தெம்பு கிடையாது. பின்சரிவில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் மண்ணை அறுத்துக்கொண்டே மேலேறும், சில மணி நேரத்தில் உடைப்பு. கீழே முதல் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

சின்ன அணைதானே, இதில் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு ஊர்ப் பெயர் சொல்கிறேன்: திவரே. மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டம், சிப்ளூண் தாலுகா. நாட்டில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்காத மண் அணை அது. 2019 ஜூலை 2 ராத்திரி, பலத்த மழையில் உடைந்தது. கீழே இருந்த வீடுகளோடு சனங்களை அடித்துக்கொண்டு போனது, 20 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். கசிகிறது என்று முன்னமே சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்று ஊர்க்காரர்கள் அழுதார்கள். அப்போதைய நீர்ப் பாதுகாப்பு அமைச்சர் தானாஜி சாவந்த், நண்டுகள் துளைத்ததால் உடைந்தது என்றார். நண்டு துளைத்ததாகவே இருக்கட்டும், துளையைப் பார்த்து அடைக்க வேண்டியது மனுசர்கள் இல்லையா? அதை அன்றைக்குப் படித்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2021இல் வந்த அணை பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம்தான், மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்கிறது. ஆனால் அது பார்ப்பது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளை. 10லிருந்து 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு என்று சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். இங்கே அறிவிப்புப் பலகையில் உயரம் 9 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான், சட்டத்துக்கு வெளியே. இவ்வளவுக்கும் ஊழியர்கள் இருக்கிற பெரிய அணைகளிலேயே 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் உடைந்தது, 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஷட்டர் பெயர்ந்து தண்ணீர் வீணாக ஓடியது. இங்கே மதகின் ஷட்டரைத் தூக்குகிற திருகு கம்பியில் கிரீஸ் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை, கைப்பிடியையும் காணோம். அவசரத்துக்குத் திறக்க வேண்டும் என்றால் எதை வைத்துத் திறப்பது என்று பெரியப்பா கேட்டார், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பூங்காவுக்குப் புதுப் பெயின்ட், புது வளைவு, கலர் விளக்கு. அதில் ஒரு பங்கு கரைக்குப் போயிருந்தால் கருவேலத்தைச் சுத்தமாக எடுத்திருக்கலாம். மூட்டையையும் வலையையும் எடுக்கக் காசே வேண்டாம், ஒரு அரை நாள் வேலை. ஒரு நட்சத்திரம்கூட எதற்கு என்றால், தண்ணீர்ப் பக்கத்துக் கல் பதிப்பு இன்னும் ஒழுங்காக இருக்கிறது, கட்டியவர்கள் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.

போகலாமா என்றால், கோடையில் தாராளமாகப் போங்கள், காலை பத்து மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது, மீனும் புதுசாகக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்கிற நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குக் கீழே போய் உட்காராதீர்கள். நான் படங்களோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டேன், ரசீது இருக்கிறது. உங்கள் ஊர் அணைக்குப் போனால் கலிங்கு, மதகுத் திருகு, கரையடி ஈரம், இந்த மூன்றையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். மூட்டை அடுக்கியிருந்தால் மழைக்கு முன்னால் மனுவோடு போங்கள்.