ஃபீனைல்அலனின் நீக்கிய புரதப் பொடி: ஏழு ஆண்டு அனுபவம்

லண்டனில் பிறந்த எங்கள் மகளுக்கு, ஐந்தாம் நாள் குதிகாலில் எடுத்த இரத்தத் துளியின் மூலம் ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய் இருப்பது தெரியவந்தது. புரத உணவுகளில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை டைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலமாக மாற்றும் கல்லீரல் நொதி அவளிடம் சரிவர இயங்காது. ஃபீனைல்அலனின் இரத்தத்தில் மிகுந்தால் மூளையைப் பாதிக்கும் என்பதால், இட்லி மாவில் சேரும் உளுந்தைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குத் தேவையான புரதத்தின் பெரும்பகுதி இந்தப் பொடியிலிருந்தே கிடைக்கிறது.

பொட்டலத்தைப் பிரித்ததும், அவித்த உருளைக்கிழங்கை மூடிவைத்து மறுநாள் திறந்ததுபோல் ஒரு வாடை எழும். கசப்பும் நாவில் நெடுநேரம் தங்கும். குளிர்ந்த நீரில் குலுக்கி, சிறிது மாம்பழச் சாறு சேர்த்து, மூடியுள்ள கோப்பையில் கொடுத்தால் மறுப்பின்றிக் குடிக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. சென்ற ஆண்டு வந்த ஒரு பெட்டியில் பொடி கட்டிதட்டி, எவ்வளவு குலுக்கியும் கரையவில்லை. மாற்றித் தர இரண்டு வாரம் ஆனது பெருங்குறை.

ஆயினும் இந்தப் பொடியைக் கலக்கும்போதெல்லாம் லூயிஸ் வுல்ஃப் என்ற உயிர்வேதியியலாளரை நன்றியோடு நினைக்கிறேன். பரம்பரை நோயைத் திருத்த முடியாது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் பணியாற்றிய அவர், பால் புரதமான கேசீனைச் சிதைத்துக் கரியில் வடித்தால் ஃபீனைல்அலனின் நீங்கும் என்றும், அதனுடன் சேர்ந்து போய்விடும் டைரோசின், டிரிப்டோபன் ஆகிய தேவையான அமினோ அமிலங்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் வழி கண்டார். 1951-இல் பர்மிங்காமில், ஆய்வுக்கூட வாசலில் காலைதோறும் வந்து நின்று மருந்து கேட்ட ஒரு தாயின் மகளுக்கு, ஹார்ஸ்ட் பிக்கல், ஜான் ஜெரார்ட் என்ற மருத்துவர்களும் ஈவ்லின் ஹிக்மன்ஸ் என்ற உயிர்வேதியியலாளரும் அந்த முறையில் உணவு தயாரித்துக் கொடுத்தனர். நிற்கவும் பேசவும் இயலாதிருந்த இரண்டு வயதுக் குழந்தை தவழ்ந்தாள், நின்றாள், நாற்காலியில் ஏறினாள். உணவில் ஃபீனைல்அலனினைத் திரும்பக் கலந்ததும் அந்த முன்னேற்றம் மறைந்தது. அவளது மூளையில் முன்பே ஏற்பட்ட பாதிப்பை எந்த உணவாலும் முழுமையாக நீக்க முடியவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது. அதனால்தான் பிறந்த சில நாள்களிலேயே சோதிக்கிறார்கள்.

பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தெளிநீரின் (whey) புரதத்திலிருந்து எடுக்கும் கிளைக்கோமேக்ரோபெப்டைடு என்ற மாற்றுப் பொடி சுவையில் மேலானது. ஆனால் அதில் சிறிதளவு ஃபீனைல்அலனின் இருப்பதால், அன்றைய கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். உணவியல் நிபுணரைக் கேளாமல் மாற்றாதீர்கள். நாங்கள் பழைய பொடியிலேயே தொடர்கிறோம். மகளின் இரத்தத்தில் ஃபீனைல்அலனின் அளவு வரம்புக்குள் இருக்கிறது. சென்ற மாதம் தமிழ்ப் பள்ளியில் ஆத்திசூடி முழுவதையும் பார்க்காமல் ஒப்பித்தாள்.