செக்கப் ரிப்போர்ட் யார் கைக்குப் போக வேண்டும்? மூன்று முறைகள், ஓர் அலசல்

அலுவலகத்தில் வருடாந்திர ஹெல்த் செக்கப் என்று அறிவிப்பு வருகிறது. வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுக்கிறோம், இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போடுகிறோம், திரும்பி வேலைக்குப் போய்விடுகிறோம். ரிப்போர்ட் யாருக்குப் போகும் என்று அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உலகம் முழுக்க நடைமுறையில் இருப்பதைப் பார்த்தால் மூன்று முறைகளாகப் பிரிக்கலாம். முழு ரிப்போர்ட்டும் நிறுவனத்துக்குப் போவது முதல் முறை. விவரங்கள் மருத்துவரிடமே இருக்க, 'இந்த வேலைக்குத் தகுதி உண்டு, இல்லை' என்ற முடிவு மட்டும் நிறுவனத்துக்குப் போவது இரண்டாவது. ரிப்போர்ட் ஊழியருக்கு மட்டும் போய், நிறுவனத்துக்குப் பெயரில்லாத மொத்தக் கணக்கு மட்டும் கிடைப்பது மூன்றாவது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபத்துள்ள வேலைகளுக்கு இரண்டாவது முறை, பொதுவான செக்கப்புக்கு மூன்றாவது. முதல் முறைக்கு நான் ஆதரவு தர மாட்டேன். ஆனாலும் அதன் பக்கத்து நியாயத்தைக் கேட்காமல் தள்ளிவிடுவது சரியல்ல.

முழு ரிப்போர்ட்டும் நிறுவனத்துக்கு

இந்த முறையைப் பொறுப்போடு நடத்தும் நாடு ஜப்பான். அங்கே 1972-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை நடத்துவது முதலாளியின் கடமை. செய்துகொள்வது ஊழியரின் கடமை. முடிவுகள் முதலாளியிடம் 5 ஆண்டுகள் இருக்கும், ஊழியருக்கும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பரிசோதனையில் கோளாறு தெரிந்தால் மருத்துவரின் கருத்தைக் கேட்டு, தேவைப்பட்டால் வேலை நேரத்தைக் குறைப்பது, இரவுப் பணியிலிருந்து எடுப்பது போன்ற ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும். அளவுமீறிய வேலையால் ஊழியர்கள் இறந்துபோவதை ஒரு சமூகப் பிரச்சினையாகவே பார்த்த நாடு அது. 'ஊழியருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியாது' என்று முதலாளி கைகழுவ முடியாது என்பதுதான் இந்த முறையின் பலம். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அதே சட்டத்தில் 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மன அழுத்தப் பரிசோதனையைப் பாருங்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. முடிவு நேராக ஊழியருக்குத்தான் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளிக்குக் கொடுக்கக் கூடாது. மனம் சம்பந்தப்பட்டது மேலாளர் கைக்குப் போகும் என்று தெரிந்தால் யாரும் உண்மையான பதில் எழுத மாட்டார்கள். ரத்தம் பொய் சொல்லாது, ஆனால் மருத்துவரிடம் வாய் திறப்பதும் திறக்காததும் மனிதர் கையில் இருக்கிறது. பழைய நோயை மறைப்பது, சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் விடுவது, செக்கப் நாளன்று லீவு போடுவது எல்லாம் இந்தப் பயத்தில் நடப்பவைதான்.

ஜப்பானில் இருக்கும் கடமைகள் எதுவும் இல்லாமல், ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள்தான் எனக்குப் பெரிய கவலை. லேபிலிருந்து எச்.ஆருக்கு ஓர் எக்செல் ஃபைல் வருகிறது. முதல் பத்தியில் பெயர், அடுத்ததில் பணியாளர் எண், அதற்கப்புறம் சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின், கிரியாட்டினின். அளவு தாண்டிய கட்டங்கள் சிவப்பில். அந்த ஃபைல் மெயிலில் மூன்று பேருக்குப் போகிறது, ஒருவர் டவுன்லோடு செய்து வைக்கிறார். ஆறு மாதம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது, சிவப்புக் கட்டம் நினைவில் இருக்கும் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். 'பாவம், அவருக்கு எதற்கு இந்த அலைச்சல் பிடித்த பொறுப்பு' என்று அக்கறையோடு பெயரை அடித்துவிடவும் கூடும். அடிபட்டவருக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.

இன்னொரு ஆபத்து, கொடுத்த ரத்தத்தில் என்னென்ன பார்க்கிறார்கள் என்பது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூட ஊழியர்கள், வேலைக்கு எடுக்கும்போது கொடுத்த ரத்தத்திலும் சிறுநீரிலும் தங்களுக்குத் தெரியாமல் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய், கர்ப்பம், அரிவாள் செல் ரத்தசோகைக்கான மரபணு ஆகியவற்றைப் பரிசோதித்ததாக வழக்குத் தொடுத்தார்கள். அந்த வழக்கைத் தொடர்ந்து நடத்த 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிவிட்டது. பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே ரயில் நிறுவனத்தின் மீது 2001-ல் வந்த வழக்கு, மணிக்கட்டு வலி என்று சொன்ன தொழிலாளர்களின் ரத்தத்தில் அவர்களைக் கேட்காமலே மரபணுச் சோதனை நடத்தியது பற்றியது. 2008-ல் மரபணுத் தகவலை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க அங்கே தனிச் சட்டமே வந்தது.

முடிவு மட்டும் நிறுவனத்துக்கு

பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் நிறுவன மருத்துவர் மருத்துவ ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். நோயின் பெயர் முதலாளிக்குப் போகாது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் மருத்துவத் தகவலைப் பணிப்பதிவேட்டோடு சேர்க்காமல் தனி ஃபைலில் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மேற்பார்வையாளருக்கு வேலையில் தேவையான கட்டுப்பாடுகளை மட்டும் சொல்லலாம்.

மருத்துவர் நிறுவனத்துக்கு எழுதும் நல்ல தகுதிச் சீட்டு ஒன்று எப்படி இருக்கும்? 'உயரத்தில் ஏறும் வேலை 6 மாதத்துக்கு வேண்டாம். தரைமட்ட வேலைகளுக்குத் தகுதி உண்டு. பிறகு மறுபரிசோதனை.' அவ்வளவுதான். காரணம் வலிப்பா, தலைச்சுற்றலா, புதிதாகத் தொடங்கிய மாத்திரையா என்பது அதில் இல்லை. ஷிஃப்ட் போடுகிறவருக்கு அது தேவையும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. சம்பளம் கொடுப்பது நிறுவனம் என்றால் மருத்துவர் யார் பக்கம் சாய்வார் என்ற சந்தேகம் நியாயமானது. பிரான்ஸில் தொழில் மருத்துவரை வேலையைவிட்டு நீக்க வேண்டுமென்றால் தொழிலாளர் ஆய்வாளரின் அனுமதி வேண்டும். அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாத இடத்தில், 'டாக்டர், என்னன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க' என்று மேலாளர் போனில் கேட்டால் மறுக்கத் துணிவு வேண்டியிருக்கும். அடுத்தது, 'தகுதி இல்லை' என்ற இரண்டு சொற்களே ஒருவரின் பிழைப்பை முடித்துவிடும். ஆகவே வேறொரு மருத்துவரிடம் மறுபரிசீலனை கேட்கும் வழியும், மாற்று வேலை தரும் கடமையும் இந்த முறையோடு சேர்ந்தே வர வேண்டும். இவை இல்லையென்றால் ரகசியம் மட்டும் காப்பாற்றப்படும், வேலை போய்விடும்.

ஊழியருக்கு மட்டும்

எல்லோருக்கும் பொதுவான செக்கப்புக்கு இதுவே பொருத்தம். மேசை வேலை பார்ப்பவரின் கொழுப்பு அளவைத் தெரிந்துகொண்டு நிறுவனம் செய்யப்போவது என்ன?

'அப்படியானால் எங்களுக்கு என்ன பயன்' என்று நிர்வாகம் கேட்கும். மொத்தக் கணக்கில் நிறைய பயன் இருக்கிறது. இரைச்சலால் காது கெடும்போது, கேட்கும் திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராமில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஒரே கூடத்தில் வேலை செய்யும் பலருக்கு அந்தப் பள்ளம் தெரிந்தால், யார் யாருக்கு என்று பெயர் கேட்கத் தேவையில்லை, அந்த எந்திரத்தைப் பார்த்தால் போதும். ஆனால் குழு சிறியதாக இருந்தால் பெயரை எடுத்துவிட்டதால் பயனில்லை. 7 பேர் உள்ள பிரிவில் 'ஒருவருக்கு ரத்த அழுத்தம் மிக அதிகம்' என்றால் அது யார் என்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சிறிய குழுக்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த முறை எங்கே போதாது என்றால், ஈயம் போன்ற நஞ்சுகளோடு வேலை செய்யும் இடத்தில். அமெரிக்காவின் பொதுத் தொழில்துறை விதிப்படி ரத்தத்தில் ஈயம் 100 கிராமுக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டு, மறுசோதனையிலும் உறுதியானால் தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். 18 மாதம் வரை அவருடைய சம்பளமும் பணிமூப்பும் குறையக் கூடாது. இங்கே எண் முதலாளிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் அந்த ஈயம் அவருடைய தொழிற்கூடத்திலிருந்து வந்தது. வேலை உடம்புக்குள் போட்டதைப் பற்றி நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். உடம்பு தன்னோடு கொண்டுவந்ததைப் பற்றிக் கேட்க அதற்கு உரிமை இல்லை. எந்தப் பரிசோதனை முடிவு யாருக்கு என்று குழப்பம் வரும்போது நான் இந்தக் கோட்டைத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட்டாயிற்றே என்றால்?

சம்மதப் படிவத்தைக் காட்டி வாயை அடைப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புள்ள வகையில் வைக்கின்றன. முதலாளியிடம் ஊழியர் கொடுக்கும் சம்மதம் சுதந்திரமாகக் கொடுக்கப்பட்டதாக இருப்பது அரிது என்பது அங்குள்ள கண்காணிப்பு அமைப்புகளின் நிலைப்பாடு. மறுத்தால் வேலைக்கு என்ன ஆகுமோ என்று யோசிக்க வேண்டியவரிடம் வாங்கிய கையெழுத்து அது.

மூன்றில் எந்த முறையானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது: முழு ரிப்போர்ட்டின் நகல் ஊழியரிடம் இருக்க வேண்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் வரும் நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குள் நிறுவனமே இல்லாமல் போயிருக்கலாம். நச்சுப்பொருள்களோடு வேலை செய்தவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பணிக்காலம் முடிந்து இன்னும் 30 ஆண்டுகள் வைத்திருக்க அமெரிக்க விதி சொல்வது இதனால்தான். தொழிலாளி கேட்டால் 15 வேலை நாள்களுக்குள் காட்டவும் வேண்டும். இந்தியாவிலும் போபால் விபத்துக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41சி பிரிவு, அபாயகரமான தொழில்களில் உடல்நலப் பதிவுகளைத் தொழிலாளி பார்க்க வழி செய்தது.

அடுத்த முறை செக்கப் அறிவிப்பு வரும்போது பதில் மெயிலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்னென்ன பரிசோதனைகள், முடிவு யார் யாருக்குப் போகும், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். வேலையை விட்டு விலகும்போது அனுபவச் சான்றிதழோடு உங்கள் எல்லா ரிப்போர்ட்டுகளையும், ஆடியோகிராம், எக்ஸ்ரே உட்பட, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.