விக்டோரியா காலப் பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: திருகோணமலை மேசன்மாரின் வேலை

விக்டோரியா காலத்துக் (1837–1901) கிராமப் பள்ளிக்கூடத்துக்குச் சீமெந்து பூசினால் சுவரே கெடும். கடற்காற்றின் உப்பும் மாரி ஈரமும் உள்ளே அடைபட்டு, சில மாரிகளிலேயே பூச்சு பொருமிக் கொட்டும். இந்த மேசன்மார் அதை அறிந்து வேலை செய்கிறார்கள்.

பழைய சீமெந்தைச் சிற்றுளியால் மெதுவாகக் கொத்தி, செங்கல் இடுக்கை ஓர் அங்குலம் சுரண்டி, சுவரை நன்றாக நனைத்த பிறகே சாந்து வைக்கிறார்கள். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசுவதில்லை. பிறகு ஒரு கிழமை ஈரச்சாக்கு தொங்குகிறது. அதை விட்டால் மயிரிழை வெடிப்பு விழும். அருமையான கைவேலை.

கூரையில்தான் குறை. மங்களூர் ஓடுகளைக் கழற்றும்போது நாலைந்தின் மூக்கு (சட்டத்தில் கொளுவும் முனை) உடைந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் கிறிஸ்தவ சபையான பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஓட்டின் அடிப்பக்கத்திலுள்ள தொழிற்சாலை முத்திரை கட்டடத்தின் வயதுக்குச் சாட்சி. படமெடுத்து இலக்கமிட்டுக் கழற்றும்படி முதலே சொல்லுங்கள். இலங்கையின் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தானாகக் காக்கிறது, அதற்குப் பிந்திய இவற்றை நாம்தான் காக்க வேண்டும்.

பங்குனி முதல் ஆவணிக்குள் வேலையைக் கொடுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் சாந்து காயாது.