வாட்டர் ஹீட்டர் மாற்றுகிறீர்களா? வயர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய பிளாட். "பழைய ஹீட்டரைக் கழற்றிப் புதுசு மாட்ட 60 வெள்ளி" என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பி வீட்டம்மா ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். வேலை முடிந்ததும் கைக்கு வந்த பில் 480 வெள்ளி. அதில் பெரிய தொகை, "4 எம்எம் வயர், 15 மீட்டர்". இரண்டே நாளில் பிரேக்கர் விழ ஆரம்பித்தது. "சின்ன பிரேக்கர் லா அம்மா, பெருசு போட்டா சரியாயிடும்" என்று 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் போட்டார். அதற்குத் தனியாக 70 வெள்ளி.

சீலிங்கைத் திறந்து பார்த்தால் புது லைனே இல்லை. குளியலறை லைட்டுக்குப் போகும் 1.5 எம்எம் வயரை உரித்து, ஹீட்டர் வயரோடு கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தது. டேப் உருகிப் பிசின் மாதிரி வழிந்திருந்தது. பச்சை எர்த் வயரை ஹீட்டர் பக்கம் திருகிவிட்டு, மறுமுனையை வெட்டி மடித்து விட்டிருந்தார்.

பணம் போனதைவிட அந்த 20 ஆம்பியர் பிரேக்கர்தான் மோசம். 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 16 ஆம்பியர் இழுக்கும். பிரேக்கர் காப்பது ஹீட்டரை அல்ல, வயரை. லைட் வயர் தாங்காது என்றுதான் 10 ஆம்பியர் விழுந்தது. அதைப் பெரிதாக்கினால் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும், பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எதையும் திறக்க வேண்டாம். ஹீட்டரை ஓடவிட்டு, வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் டிபி பாக்ஸில் லைட் பிரேக்கரை மட்டும் இறக்குங்கள். ஹீட்டரும் சேர்ந்து அணைந்தால் உங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஆள் கிளம்புவதற்கு முன்னால், காசு கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

ஒழுங்கான வேலையில் டிபி பாக்ஸிலிருந்து ஹீட்டருக்கென்றே தனி 20 ஆம்பியர் பிரேக்கர், அங்கிருந்து நடுவில் ஒட்டில்லாத 4 எம்எம் வயர், குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் (லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) இருக்கும். வயரின் அளவு உறையிலேயே அச்சடித்திருக்கும். இழுப்பதற்கு முன்னால் வாங்கிப் படியுங்கள். ஈரத்தரை உள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே அணைக்கும் கசிவுக் காப்பு வேண்டும் என்பது மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதி. ஹீட்டரில் இருக்கும் இஎல்சிபி என்ற கசிவுக் காப்பின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டி "எல்லாம் ஓகே" என்பார்கள். அந்தப் பட்டன் எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. எர்த் அறுந்திருந்தாலும் 'டிக்' என்று விழும். எர்த்தை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பழைய ஹீட்டரைக் கழுவிப் பெட்டியில் போட்டுப் புதுசென்று விற்பதும் நடக்கிறது. தண்ணீர் நுழையும் வாயில் வெள்ளைப் படிவு, திருகுத் தலையில் கீறல், டெர்மினல் ஓரத்தில் பழுப்பு நிறம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். மலேசியத் தரச்சான்றான சிரிம் லேபிள் இல்லாத பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வருகிறவரிடம் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) கொடுத்த வயர்மேன் சான்றிதழைக் கேளுங்கள். "கார்டு வீட்ல இருக்கு" என்றால் அவரும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஏமாந்துவிட்டவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. கடை பெயரும் தேதியும் உள்ள ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்திருங்கள். சரிசெய்ய வரும் அடுத்த வயர்மேன் அந்த முறுக்கு ஒட்டை வெட்டி எறிவதற்கு முன்னால் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.